மூளை இருக்கிறது, ஆளைக் காணோம்

நரம்பியல் பாடநூலோ உளவியல் பாடநூலோ, எதைப் புரட்டினாலும் மொழி பற்றிய அத்தியாயத்தில் ஒரு படம் இருக்கும். சாராயத்தில் ஊறி நிறம் மங்கிய ஒரு மூளை. அதன் இடப்பக்கத்தில், முன்புறமாக ஒரு குழி. ‘டான்’ என்ற நோயாளியின் மூளை, பாரிஸ், 1861 என்று கீழே அச்சிட்டிருப்பார்கள். எதைக் கேட்டாலும் ‘டான், டான்’ என்று மட்டுமே சொன்னவர். அவர் இறந்தபின் பால் ப்ரோக்கா என்ற அறுவை மருத்துவர் மூளையை எடுத்துப் பார்த்துப் பேச்சுக்கு உரிய இடத்தைக் கண்டுபிடித்தார். மாணவர்களுக்குச் சொல்லப்படுவது இவ்வளவுதான். தேர்வில் இரண்டு மதிப்பெண்.

அந்த மூளையின் ஒவ்வொரு மடிப்பையும் அளந்து வைத்திருக்கிறார்கள். மூளைக்கு உரியவர் எந்த ஊர்க்காரர், யார் பெற்ற பிள்ளை, முழுப் பெயர் என்ன என்று தேடினால் புத்தகம் புத்தகமாகக் கைவிரிக்கிறது. அறிவியல் வரலாற்றில் வேலை செய்கிறவனுக்கு இது உறுத்தாமல் இருக்காது. பாடநூல்களை மூடிவைத்துவிட்டு மூலத்துக்கே போவது என்று இறங்கினேன்.

மூலம் கைக்கு எட்டாத பொருள் அல்ல. 1861இல் பாரிஸ் உடற்கூற்றியல் சங்கத்தின் ஏட்டில் ப்ரோக்கா எழுதிய கட்டுரை 330ஆம் பக்கத்தில் தொடங்கி 357இல் முடிகிறது. பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள், சிலரே முழுக்கப் படித்திருக்கிறார்கள் என்பது படித்த மறுகணமே தெரிந்துவிடும். ஏனென்றால் பாடநூல்களில் வருகிற ‘டான்’ ஓர் ஊமைப் பொம்மை. கட்டுரையில் இருப்பவரோ கோபக்காரர், கெட்டிக்காரர், கூட இருந்தவர்களின் வெறுப்பைச் சம்பாதித்தவர். அவருக்கு அங்கே ஒரு குடும்பப் பெயரும் இருக்கிறது: லெபோர்ன். முதற்பெயர் இல்லை.

கட்டுரை சொல்லும் கதை இது. 1861 ஏப்ரல் 11 அன்று, பாரிஸுக்குத் தெற்கே இருந்த பீசேத்ர் மருத்துவமனையின் அறுவைப் பிரிவுக்கு 51 வயதுக்காரர் ஒருவரைத் தூக்கி வந்தார்கள். பாதத்திலிருந்து பிட்டம்வரை வலது கால் முழுவதும் அழற்சி கண்டு அழுகிக்கொண்டிருந்தது. ஆள் புதியவர் அல்ல, 21 ஆண்டுகளாக அதே வளாகத்தில் கிடந்தவர். பீசேத்ர் நோயைக் குணப்படுத்தி அனுப்பும் இடமாக மட்டும் இருக்கவில்லை. முதியவர்கள், ஊனமுற்றவர்கள், மனநோயாளிகள் என்று வெளியே வைத்துக்கொள்ள ஆளில்லாதவர்கள் வந்து சேர்ந்து அங்கேயே முடிந்துபோகும் இடம். கில்லட்டின் எந்திரத்தை 1792இல் பிணங்களின் மேல் சோதித்துப் பார்த்ததும் அங்கேதான்.

கால் அந்த அளவுக்கு அழுகும்வரை யாரும் கவனிக்கவில்லையா? ப்ரோக்கா காரணத்தை ஒளிக்கவில்லை. லெபோர்ன் ஏழு ஆண்டுகளாகப் படுத்த படுக்கை. ஆனால் படுக்கையை அசுத்தம் செய்யாதவர். அதனால் அவருடைய விரிப்பை வாரத்துக்கு ஒருமுறைதான் மாற்றினார்கள். விரிப்பை எடுத்த நாளில்தான் காலைப் பார்த்தார்கள். கட்டுரை முழுவதிலும் என்னை நிறுத்தி வைத்த வரி இதுதான். சுத்தமாக இருந்ததற்குக் கிடைத்த தண்டனை என்றுதான் சொல்ல வேண்டும்.

சிறு வயதிலிருந்தே வலிப்பு உண்டு. ஆனாலும் செருப்புத் தைப்பதற்கான கால் வடிவ மரக்கட்டைகளைச் செய்யும் வேலை பார்த்துப் பிழைத்துவந்தார். 30 வயதில் பேச்சு போயிற்று. இரண்டு மூன்று மாதத்தில் பீசேத்ருக்கு வந்து சேர்ந்தார். எதைக் கேட்டாலும் ‘டான், டான்’, கூடவே கையசைவுகள். கேட்பவருக்குப் புரியவில்லை என்றால் கோபம் வரும், கோபம் வந்தால் ஒரு கெட்ட வார்த்தையும் வரும். அந்த ஒன்று மட்டும் தடையில்லாமல் வந்தது. சுயநலக்காரர், வன்மம் பிடித்தவர் என்று சக நோயாளிகள் சொன்னார்கள். திருடர் என்றுகூடப் பழி சுமத்தியவர்கள் உண்டு. சொல்லி மறுக்க வாயில்லாதவர்மேல் எதையும் சுமத்தலாம்.

பத்து ஆண்டுகள் இப்படியே போயின. பிறகு வலது கை பலவீனமாகி விழுந்தது. அடுத்து வலது கால். கடைசி இரண்டு ஆண்டுகளில் பார்வையும் மங்கியது.

சாகப்போகும் மனிதரிடம் ப்ரோக்கா கேள்வி கேட்ட விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பீசேத்ரில் எத்தனை ஆண்டுகள் இருக்கிறாய் என்று கேட்டார். லெபோர்ன் இடது கையை நான்கு முறை விரித்துக் காட்டினார், பிறகு ஒற்றை விரலை நீட்டினார். 21. கணக்கு சரி. மறுநாள் அதே கேள்வி, அதே பதில். மூன்றாவது முறையும் கேட்டபோது தன்னைச் சோதிக்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கெட்ட வார்த்தைதான் பதிலாக வந்தது. இன்னொரு சோதனை, கடிகாரம். ப்ரோக்காவின் கடிகாரத்தில் நொடிமுள் ஓடாமல் நின்றிருந்தது. மூன்று முட்களில் எது எது என்று வடிவத்தை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு இரண்டு நாளும் மணியைச் சரியாகக் காட்டினார்.

உடம்பில் எது முதலில் போனது என்று கேட்டதற்கு அவர் இடது சுட்டுவிரலால் முதலில் நாக்கைத் தொட்டுக் காட்டினார். பிறகு வலது கை. பிறகு வலது கால். ஒரு வார்த்தையும் பேசாமல் தன் நோயின் முழு வரலாற்றையும் வரிசை பிறழாமல் சொல்லிவிட்டார். ப்ரோக்காவின் கண்டுபிடிப்பில் பாதி இந்தச் சுட்டுவிரலுக்குச் சொந்தம் என்பது என் கருத்து. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அதற்குமுன் இன்னொரு ஏடு. ப்ரோக்கா ஏன் இந்த ஒரு நோயாளியிடம் இத்தனை அக்கறை காட்டினார்? விடை மானுடவியல் சங்கத்தின் கூட்டக் குறிப்புகளில் இருக்கிறது. 1859இல் அந்தச் சங்கத்தைத் தொடங்கியவரே அவர்தான். 1861 பிப்ரவரியில் க்ராத்தியோலே என்ற உடற்கூற்றியலாளர் மெக்சிகோவின் டோட்டோனாக் இனத்தவர் ஒருவரின் மண்டையோட்டைக் கொண்டுவந்து காட்டினார். மூளையின் அளவுக்கும் அறிவுக்கும் தொடர்பு உண்டா என்ற சண்டை அதிலிருந்து கிளம்பியது. இனங்களைத் தராசில் நிறுத்தி வரிசைப்படுத்தப் பார்த்த அந்தக் காலத்து அசட்டு விவாதம்தான் அது. ப்ரோக்காவும் அதில் முழுமனதோடு கலந்துகொண்டவர். எங்கேயோ போக வேண்டிய அந்த விவாதம், மூளை மொத்தமாக வேலை செய்கிறதா, பகுதி பகுதியாகவா என்ற நல்ல கேள்விக்குத் திரும்பியது.

பகுதி பகுதியாக என்று வாதாடியவர் ஒபுர்த்தான். அவருடைய மாமனார் பூயோ, பேச்சு முன்மடலில் இருக்கிறது என்று 1825 முதலே சொல்லிவந்தவர். முன்மடல் கெட்டும் பேச்சு போகாத ஒரு மூளையைக் கொண்டுவந்து காட்டுபவருக்கு 500 பிராங்க் தருவதாகப் பந்தயமும் கட்டியிருந்தார். மருமகனிடம் ஒரு பயங்கரமான சான்று இருந்தது. தற்கொலைக்கு முயன்று சுட்டுக்கொண்ட ஒருவருக்கு நெற்றி எலும்பு பெயர்ந்து மூளை வெளியே தெரிந்தது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போது கரண்டிபோன்ற தட்டையான கருவியால் முன்மடலை மெல்ல அழுத்தினால் சொல் பாதியில் நின்றது, எடுத்தால் மறுபடி வந்தது. ஏப்ரல் 4 அன்று ஒபுர்த்தான் சங்கத்தில் சூளுரைத்தார்: பேச்சிழந்த தன் நோயாளி ஒருவர் இறந்தபின் மூளையைத் திறந்து, முன்மடல் பழுதில்லாமல் இருந்தால் தன் கொள்கையையே விட்டுவிடுவதாக.

தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் அடுத்தது தானே தெரியும். ஏப்ரல் 4 சவால். ஏப்ரல் 11 லெபோர்ன் ப்ரோக்காவின் பிரிவுக்கு வருகிறார். ப்ரோக்கா ஒபுர்த்தானை அழைத்து நோயாளியைக் காட்டி, நீங்கள் சொன்ன இலக்கணத்துக்கு இவர் பொருந்துகிறாரா என்று முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்கிறார். மூளையைப் பார்த்தபின் விதியை மாற்றிக்கொள்ள இடம் கொடுக்கவில்லை. ஏப்ரல் 17 காலை 11 மணிக்கு லெபோர்ன் இறக்கிறார். 18ஆம் தேதி பிரேதப் பரிசோதனை. அன்றே மூளை சங்கத்தின் மேசையில் இருக்கிறது.

நீரை வடித்தபின் மூளையின் எடை 987 கிராம். அந்த வயது ஆணுக்கு இருக்க வேண்டியதைவிட ஏறத்தாழ 400 கிராம் குறைவு. இடது முன்மடலில் ஒரு கோழிமுட்டை அடங்கும் அளவுக்குக் குழி. குழியைச் சுற்றிலும் மூளை மெத்தென்று இளகிப் போயிருந்தது. சிதைவு முன்மடலோடு நிற்காமல் உள்ளே இன்சுலா என்ற ஒளிந்த மடிப்பையும், அதற்கும் ஆழத்தில் இருக்கும் பகுதிகளையும் தின்றிருந்தது. இவ்வளவு பரந்த அழிவில் பேச்சைக் கெடுத்தது எந்த இடம் என்று எப்படிச் சொல்வது?

இங்கேதான் அந்தச் சுட்டுவிரல் உதவிக்கு வருகிறது. பத்து ஆண்டுகள் பேச்சு மட்டும் போயிருந்தது, கைகால் நன்றாக இருந்தன. ஆகவே சிதைவு சிறியதாக ஓரிடத்தில் தொடங்கிப் பிறகு பரவியிருக்க வேண்டும். மிகப் பழைய, மிக முற்றிய சிதைவு எங்கே இருக்கிறதோ அதுதான் பேச்சு போன இடம். மற்றவை பின்னால் சேர்ந்தவை. ப்ரோக்கா குழியின் ஓரங்களை ஆராய்ந்து, தொடக்கப் புள்ளி முன்மடலின் மூன்றாம் மடிப்பு என்று தீர்மானித்தார். இடத்தைக் காலத்தால் கண்டுபிடித்த வாதம் இது. நாக்கு, கை, கால் என்ற வரிசையை நோயாளி தெளிவாகச் சொல்லியிராவிட்டால் வாதம் நின்றிருக்காது.

இதற்கு ப்ரோக்கா வைத்த பெயர் ‘அஃபேமி’. 1864இல் த்ரூசோ என்ற மருத்துவர் அதை மாற்றி ‘அஃபேசி’ என்றார். அதுதான் நிலைத்தது, நாம் அஃபேசியா என்கிறோம்.

1861 அக்டோபரிலேயே இரண்டாவது நோயாளி வந்தார். லெலோங், 84 வயது, மண்வெட்டும் கூலித் தொழிலாளியாக இருந்தவர், தொடை எலும்பு முறிந்து வந்தார். அவரிடம் ஐந்தே சொற்கள்: ஆம், இல்லை, எப்போதும், ‘மூன்று’ என்பதன் மழலை வடிவம், தன் பெயரின் பாதி. எந்த எண்ணைக் கேட்டாலும் வாய் ‘மூன்று’ என்றது, விரல்கள் சரியான எண்ணைக் காட்டின. 12 நாளில் இறந்தார். அவருடைய மூளையில் சிதைவு மிகச் சிறியது, அதே மடிப்பின் பின்பகுதியில், இடப்பக்கம். 1863க்குள் இப்படி எட்டு மூளைகள். எட்டும் இடப்பக்கம். இது ப்ரோக்காவையே திகைக்க வைத்தது. 1865இல்தான் நாம் இடது மூளையால் பேசுகிறோம் என்று துணிந்து எழுதினார்.

அதற்குள் சோம்மியேர் என்ற சிற்றூரிலிருந்து ஒரு மருத்துவர் உரிமை கோரிக்கொண்டு வந்தார். இடப்பக்கத்து ரகசியத்தைத் தன் தந்தை மார்க் தாக்ஸ் 1836இலேயே மோன்பெலியே மாநாட்டில் வாசித்துவிட்டார் என்று மகன் குஸ்தாவ் தாக்ஸ் வாதாடினார். ப்ரோக்கா மோன்பெலியே நூலகரிடம் விசாரித்தார். அப்படியொரு கட்டுரை வாசிக்கப்பட்டதற்குத் தடயம் எதுவும் அகப்படவில்லை. தந்தையின் கைப்பிரதி 1865இல்தான் அச்சானது. வாசித்தாரோ இல்லையோ, எழுதியிருந்தார். அதுவே பெரிது. இந்த வழக்கை இத்துடன் விடுகிறேன், இது தனிக் கட்டுரைக்கு உரியது.

மீண்டும் நம் ஆளுக்கு வருவோம். முதற்பெயர் இல்லை, ஊர் இல்லை. அடுத்த ஒன்றரை நூற்றாண்டில் அந்த வெற்றிடத்தை எழுத்தாளர்கள் தங்கள் கற்பனையால் நிரப்பினார்கள். படிப்பறிவில்லாத அடித்தட்டு மனிதர் என்ற சித்திரம் ஒரு நூலிலிருந்து இன்னொரு நூலுக்குப் போய் உண்மைபோல உட்கார்ந்துவிட்டது. செருப்புக் கட்டை செய்தவர், தர்ம ஆஸ்பத்திரியில் கிடந்தவர் என்றால் வேறென்னவாக இருக்கும் என்ற மேட்டிமைதான் இதற்கு ஆதாரம்.

முடிச்சை அவிழ்த்தவர் போலந்தின் லுப்ளின் நகரப் பல்கலைக்கழகத்தில் உளவியல் வரலாற்றில் வேலை செய்யும் செசாரி தொமான்ஸ்கி. 2013இல் வெளிவந்த அவருடைய கட்டுரையைப் படித்தபோது, வழி இவ்வளவு எளிமையா என்று தோன்றியது. ஒருவர் மருத்துவமனையில் இறந்திருக்கிறார். குடும்பப் பெயர் தெரியும், இறந்த தேதி தெரியும், வயது தெரியும். பிரான்ஸில் புரட்சிக்காலத்திலிருந்தே பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாவற்றையும் அரசு பதிந்துவருகிறது. பதிவேட்டைப் பார்க்க வேண்டியதுதான். மூளையை அலசியவர்கள் எவருக்கும் இது தோன்றாமல் போனதுதான் வியப்பு. மருத்துவர்கள் உடலைத் தேடினார்கள். ஆளைத் தேட ஒரு வரலாற்றுக்காரர் வர வேண்டியிருந்தது.

இறப்புப் பதிவில் முழுப் பெயர் இருந்தது: லூயி விக்டோர் லெபோர்ன். பிறந்த ஊரும் இருந்தது: மோரே. பாரிஸுக்குத் தென்கிழக்கே, லுவான் ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர். ஓவியர் ஆல்ஃபிரட் சிஸ்லே பிற்காலத்தில் அங்கே குடியிருந்து அதன் பாலத்தையும் தேவாலயத்தையும் திரும்பத் திரும்ப வரைந்தார்.

இந்த இடத்தில் ஓர் அதிர்ஷ்டத்தைச் சொல்லாமல் போக முடியாது. 1871 மே மாதம், பாரிஸ் கம்யூன் ஒடுக்கப்பட்ட வாரத்தில், நகர மண்டபமும் நீதிமன்றக் கட்டடமும் எரிந்தன. பாரிஸின் 1860க்கு முந்தைய பதிவேடுகளின் ஒரு படி ஒன்றிலும் மறு படி இன்னொன்றிலும் இருந்தது. இரண்டும் போயின. லெபோர்ன் மட்டும் பாரிஸில் பிறந்திருந்தால் அவருடைய பிறப்புச் சான்று சாம்பலோடு சாம்பலாகியிருக்கும். மோரே வேறு மாவட்டம், அதன் பதிவேடு தப்பியது. அவர் இறந்ததோ 1861இல், எரிந்துபோன ஆண்டுகளுக்கு இந்தப் பக்கம். ஒரு மனிதரின் வாழ்க்கையின் இரு முனைகளும் மயிரிழையில் தப்பியிருக்கின்றன.

மோரே பதிவேட்டின்படி அவர் பிறந்தது 1809 ஜூலை 21. தாய் மார்கெரித் சவார். தந்தை பியேர் லெபோர்ன், தொழில் பள்ளி ஆசிரியர். படிப்பறிவில்லாதவர் என்று நூற்றாண்டுக் கணக்கில் எழுதப்பட்டவர் வாத்தியார் வீட்டுப் பிள்ளை! உடன்பிறந்தோரும் அவர்கள் பிள்ளைகளும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் என்று தொமான்ஸ்கி குடும்பப் பதிவுகளிலிருந்து காட்டுகிறார். அவர் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் பாரிஸுக்குக் குடிபெயர்ந்தது. வலிப்பு நோய் பிள்ளையைப் படிப்பிலிருந்து கைத்தொழிலுக்குத் தள்ளியிருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தொமான்ஸ்கியும் ஓர் ஊகம் சொல்கிறார். மோரேயில் தோல் பதனிடும் தொழிலுக்காக ஓக் மரப்பட்டையை அரைக்கும் ஆலைகள் இருந்தன. நம் வாணியம்பாடிப் பக்கம் ஆவாரம்பட்டை பயன்பட்டதைப் போல அங்கே ஓக் பட்டை. அந்தத் தூளுக்குப் பிரெஞ்சில் ‘டான்’ என்று பெயர். குழந்தைப் பருவத்து ஒலி ஒன்று உடைந்த மூளையில் மிஞ்சியிருக்குமோ? கேட்க அழகாக இருக்கிறது, நான் இதை நம்பவில்லை. பேச்சிழந்தவர்களிடம் இப்படி ஒற்றை அசை மீண்டும் மீண்டும் வருவது பரவலாகக் காணப்படுவது, பெரும்பாலும் அதற்குப் பொருளே இருப்பதில்லை. ஆனால் எப்போதும் அப்படி என்றும் சொல்ல முடியாது. லண்டன் மருத்துவர் ஹூலிங்ஸ் ஜாக்சனின் நோயாளி ஒருவர் ரயில்வே சிக்னல்காரர். தண்டவாளத்தில் நோய் கண்டு விழுந்தபின் அவர் வாயில் மிஞ்சியது ‘என்னிடம் வா’ என்ற பொருளுள்ள சொற்றொடர் ஒன்றே.

ஜாக்சன் இதிலிருந்து பிடித்த நூல்தான் லெபோர்னின் கெட்ட வார்த்தையையும் விளக்குகிறது. யோசித்து வாக்கியம் அமைத்துப் பேசுவது வேறு, தானாக வாயில் வந்து விழுவது வேறு. வசவு, வணக்கம், ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவது, பாட்டு இவையெல்லாம் இரண்டாம் வகை. இடது முன்மடல் சிதைந்தவர்களிடம் முதல் வகை போய் இரண்டாவது மிஞ்சும். ஒரு வாக்கியம் சொல்ல முடியாதவர் பாடலைச் சொற்களோடு பாடிவிடுவதை இன்றும் பக்கவாத நோயாளிகளிடம் பார்க்கலாம். 1970களில் பாஸ்டன் மருத்துவர்கள் இதையே சிகிச்சையாக்கி, சொற்களை ராகமாக இழுத்துச் சொல்லப் பழக்கினார்கள்.

ஆவணம் என்றால் காகிதம் மட்டும் இல்லை. இந்த வழக்கில் முக்கியமான ஆவணம் கண்ணாடிச் சாடியில் இருக்கிறது. ப்ரோக்கா மூளையை வெட்டிப் பார்க்கவில்லை. உள்ளே எவ்வளவு ஆழம் சிதைந்திருக்கிறது என்று அறிய ஆசை இல்லாமலா இருந்திருக்கும்? ஆனாலும் சான்று பின்னால் வருபவர்கள் சரிபார்க்கக் கிடைக்க வேண்டும் என்று முழுதாகச் சாராயத்தில் போட்டு துபுய்த்ரேன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். தன் வாதத்தைக் கவிழ்க்கக்கூடிய சான்றைப் பத்திரப்படுத்தியவர் என்ற ஒரு காரணத்துக்காகவே அவருடைய மண்டையோட்டு அளவைப் பைத்தியத்தைக் கொஞ்சம் மன்னிக்கலாம். (அவருடைய மூளையும் பின்னர் பாரிஸில் ஒரு சாடிக்குப் போனது. கார்ல் சாகன் அதைப் பார்த்துவிட்டு எழுதிய கட்டுரை அவருடைய 1979ஆம் ஆண்டு நூலுக்கே பெயர் தந்தது.)

கவிழ்க்க முதலில் வந்தவர் பியேர் மரி. பீசேத்ரிலேயே பணிபுரிந்தவர். மூன்றாம் மடிப்புக்குப் பேச்சில் எந்தத் தனிப் பங்கும் கிடையாது என்று 1906இல் எழுதிப் பெரும் புயலைக் கிளப்பினார். லெபோர்னின் சிதைவு மிகப் பெரியது, லெலோங்கின் மூளையோ வெறும் முதுமைச் சுருக்கம் என்பது அவர் வாதம். 1908இல் நரம்பியலாளர் தெஜெரினுக்கும் அவருக்கும் நரம்பியல் சங்கத்தில் நேருக்கு நேர் மோதல். இருவரும் சாடியின் வெளியே நின்றுதான் சண்டையிட்டார்கள். உள்ளே பார்க்கக் கருவி இல்லை.

கருவி வந்தது 1980 வாக்கில், சி.டி. ஸ்கேன் வடிவில். பிரெஞ்சு மருத்துவர்கள் லெபோர்னின் மூளையைப் படமெடுத்து, சிதைவு ஆழமாகப் போயிருப்பதைக் கண்டார்கள். 2007இல் ஆய்வாளர் நினா ட்ரான்கர்ஸும் பிரெஞ்சு சகாக்களும் லெபோர்ன், லெலோங் இருவர் மூளையையும் உயர்நுட்ப எம்.ஆர்.ஐ.யில் வைத்தார்கள். லெபோர்னின் சிதைவு இன்சுலாவைத் தாண்டி, அடியில் உள்ள நரம்புமுடிச்சுகளைத் தாண்டி, மூளையின் முன்பகுதியையும் பின்பகுதியையும் இணைக்கும் நீண்ட நரம்பிழைக் கற்றையையும் அறுத்திருந்தது. லெலோங்கின் சிறிய சிதைவிலும் அதே கற்றை பாதிக்கப்பட்டிருந்தது. இன்னொன்றும் தெரிந்தது. இன்று ‘ப்ரோக்கா பகுதி’ என்று பாடநூல் வண்ணமடித்துக் காட்டும் இடத்தில் பின்பாதியில்தான் லெலோங்குக்குச் சிதைவு. முன்பாதி நன்றாகவே இருந்தது. ப்ரோக்கா சொன்ன இடமும் ப்ரோக்கா பெயரில் நாம் சொல்லும் இடமும் முழுக்க ஒன்றல்ல.

மருத்துவமனை அனுபவமும் இதற்கு ஒத்துவருகிறது. அந்தப் பகுதி மட்டும் பாதிக்கப்பட்டால் பேச்சு குழறும், ஆனால் பெரும்பாலும் சில வாரங்களில் தேறிவிடும், நிரந்தரப் பேச்சிழப்புக்குச் சிதைவு சுற்றிலும் ஆழத்திலும் பரந்திருக்க வேண்டும் என்று நரம்பியலாளர் ஜே.பி. மோர் 1978இல் எழுதினார். 1996இல் ட்ரான்கர்ஸ், உச்சரிப்பைத் திட்டமிட முடியாமல் திணறும் 25 நோயாளிகளின் மூளைப் படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தார். எல்லோருக்கும் பொதுவாக இருந்தது இன்சுலாவில் ஒரு சிறு சிதைவு. லெபோர்னின் மூளையில் ப்ரோக்கா பார்த்துவிட்டு, பின்னால் பரவியது என்று ஒதுக்கிவைத்த அதே இன்சுலா.

ப்ரோக்கா தோற்றாரா? இல்லை. இடது முன்மடல் பேச்சுக்கு முதன்மையானது என்ற தீர்ப்பு நிற்கிறது. 1874இல் வெர்னிக்கே என்ற 26 வயது ஜெர்மானிய மருத்துவர் இன்னொரு துண்டைச் சேர்த்தார். பக்கவாட்டு மடலின் பின்பகுதி கெட்டால் பேச்சு சரளமாக வரும், பொருள் இருக்காது, பிறர் சொல்வதும் விளங்காது. லெபோர்னுக்கு நேர் எதிர். இரண்டு இடமும் நன்றாக இருந்து இடைப்பட்ட இணைப்பு அறுந்தாலும் தொல்லை வரும் என்று அவர் ஊகித்தார். அந்த இணைப்புக் கற்றைதான் 2007இல் சாடிக்குள்ளிருந்து வெளிப்பட்டது. விழுந்தது, ஓர் இடம் ஒரு வேலை என்ற பாடநூல் வாய்ப்பாடு மட்டுமே. அந்த வாய்ப்பாட்டைப் பரப்பியவர் ப்ரோக்கா அல்ல, அவரைப் படிக்காமல் மேற்கோள் காட்டியவர்கள்.

காகிதத்தையும் சாடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு புதிய கேள்வி வருகிறது. வாத்தியார் மகன் எழுதத் தெரிந்தவராக இருந்திருந்தால், வலது கை ஓடிய அந்தப் பத்து ஆண்டுகளில் அவரால் எழுதித் தெரிவிக்க முடிந்ததா? அவருக்குப் போனது வாய்ப்பேச்சு மட்டுமா, மொழியே முழுவதுமா? அஃபேசியா ஆய்வில் இந்த இரண்டும் வேறு வேறு நோய்கள். படிப்பறிவில்லாதவர் என்று முன்முடிவு கட்டிவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. ஒரு பிறப்புப் பதிவு நரம்பியலுக்குத் தரக்கூடியது இதுதான்.

துபுய்த்ரேன் அருங்காட்சியகம் 2016இல் பழைய கட்டடத்தில் பொதுமக்களுக்கு மூடப்பட்டு, சேகரிப்பு பாரிஸ் பல்கலைக்கழக வளாகம் ஒன்றுக்குப் போய்விட்டது. சாடியை நேரில் பார்ப்பது இனி எல்லோருக்கும் எளிதல்ல. பெயரைச் சரியாக அச்சிட அனுமதி எதுவும் வேண்டாம். உளவியலும் மருத்துவமும் தமிழில் எழுதுகிறவர்கள், கற்பிக்கிறவர்கள் அடுத்த பதிப்பில் இந்த ஒன்றைச் செய்யலாம். ‘டான்’ என்பது சக நோயாளிகள் வைத்த பட்டப்பெயர். படத்தின் கீழே இப்படிப் போடுங்கள்: லூயி விக்டோர் லெபோர்ன், மோரே, 1809–1861.